மண்ணின் மூச்சை அளத்தல்: துந்திரா ஆய்வைச் செம்பனைத் தோட்டத்தில் செய்து பழக ஒரு வழிகாட்டி

வடதுருவத்தை ஒட்டிய மரமில்லாக் குளிர்வெளியான ஆர்க்டிக் துந்திரா சூடேறினால் அதன் நிலம் எவ்வளவு கரியமில வாயுவைக் கூடுதலாக வெளியே விடும் என்று ஆய்வாளர்கள் அளக்கிறார்கள். அவர்கள் கையில் இருப்பவை மண்ணில் பதித்த ஒரு வளையம், அதன்மேல் வைக்க ஒரு மூடி, உள்ளே ஒரு வாயுமானி, பக்கத்தில் காற்றைச் சற்றே சூடாக்கும் ஒரு திறந்த கூண்டு. வாயுமானியைத் தவிர மற்றவற்றை ஹார்ட்வேர் கடைச் சாமான்களைக் கொண்டே நாமும் செய்துகொள்ளலாம்.

மலேசியாவின் சிலாங்கூரில் இருக்கும் எங்கள் ஊர்ப் பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று இருக்கும். பெரியவர்கள் வாயில் அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். ராஜா மூசா கரிச்சதுப்புக் காட்டின் அக்கம்பக்கத்தில் இருப்பதால், மலாயில் 'தானா கம்புட்' எனப்படும், செடிகொடிகள் தண்ணீரில் அரைகுறையாக மக்கிச் சேர்ந்த கரிமண் எங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது. மாலை வகுப்பில் படிக்கும் நான்காம், ஐந்தாம் படிவப் பிள்ளைகளோடு சில ஆண்டுகளாக இந்த அளவெடுப்பைச் செய்து வருகிறேன். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் வரிசையை மாற்றித்தான் கெடுத்துக்கொள்கிறார்கள். கூண்டை முதல் நாளே நட்டுவிட்டு, வளையத்தை மறுநாள் பதித்து, அன்றே அளந்து, அந்த எண்ணை நம்பிவிடுகிறார்கள். அதனால் கீழே உள்ள வரிசையைக் கலைக்காமல் செய்யுங்கள்.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"துந்திரா பருவநிலையை எப்படிப் பாதிக்கிறது" என்று நோட்டில் எழுதினால் அது தலைப்பு மட்டுமே. அளக்கக்கூடிய கேள்வி இப்படி இருக்கும்: காற்றைச் சற்றுச் சூடாக்கினால், ஒரு சதுர மீட்டர் நிலம் ஒரு மணி நேரத்தில் விடும் கரியமில வாயு எவ்வளவு மாறுகிறது? பரப்பு, நேரம், சூடு ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

துந்திராவில் இதே கேள்விக்கு 2024இல் 'நேச்சர்' இதழில் ஒரு விடை வந்தது. ஆர்க்டிக்கிலும் உயர்மலைத் துந்திராவிலும் 28 இடங்களில் நடந்த 56 கூண்டுச் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். கூண்டுகள் காற்றைச் சராசரியாக 1.4 டிகிரியும் மண்ணை 0.4 டிகிரியும் சூடாக்கின. மண் ஈரம் 1.6 விழுக்காடு குறைந்தது; செடி வளரும் பருவத்தில் நிலத்தின் மூச்சு, அதாவது மண்ணும் செடியும் வெளியே விடும் கரியமில வாயு, 30 விழுக்காடு கூடியது.

இந்த விடையைப் பிள்ளைகளிடம் முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுவேன். அதில் நான்கு எண்கள் இருக்கின்றன: காற்றின் சூடு, மண்ணின் சூடு, மண்ணின் ஈரம், வாயு. ஆகவே நமக்கும் நான்கு கருவிகள் தேவை. வாயுமானி மட்டும் போதும் என்று வருபவர்களுக்குக் கடைசியில் 30 விழுக்காடு கூடியது தெரியும்; ஏன் கூடியது என்று சொல்ல வாயே வராது.

2. பொருள்களைச் சேர்த்துச் சோதியுங்கள்

வாயுமானி வாங்குவதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பல மானிகள் கரியமில வாயுவை அளப்பதே இல்லை. காற்றில் உள்ள வேறு ஆவிகளை முகர்ந்து, அதிலிருந்து ஓர் எண்ணை ஊகித்துக் காட்டுகின்றன. அகச்சிவப்புக் கதிரால் அளக்கும் மானிதான் வேண்டும், பெட்டியில் 'என்.டி.ஐ.ஆர்.' என்று போட்டிருக்கும்.

பெட்டியில் போட்டிருப்பதையும் நம்பிவிடாதீர்கள். கைகழுவும் சாராய ஜெல் ஒரு துளியைப் பஞ்சில் நனைத்து, மூச்சுக்காற்று படாமல் கையை நீட்டி, மானியின் அருகே பிடியுங்கள். எண் தாறுமாறாக ஏறினால் அது ஊகிக்கும் மானி, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உண்மையான மானி பெரும்பாலும் அசையாது.

அடுத்து, மானியைத் திறந்தவெளியில் நண்பகல் நேரத்தில் அரை மணி நேரம் வையுங்கள். 420 முதல் 450 பி.பி.எம். (பத்து இலட்சம் பங்கு காற்றில் இத்தனை பங்கு) வரை காட்டினால் நல்லது. காலை ஏழு மணிக்குச் செம்பனை நிழலில் வைத்துவிட்டு, "500க்கு மேல் காட்டுகிறது, மானி கெட்டுப்போனது" என்று ஒரு பையன் கொண்டுவந்தான். மானியில் ஒரு குறையும் இல்லை. இரவெல்லாம் மண்ணும் மரமும் விட்ட மூச்சு காற்று அசையாததால் அங்கேயே தேங்கியிருந்தது.

பல மானிகளில் தானாகவே அளவைத் திருத்திக்கொள்ளும் ஓர் ஏற்பாடு உண்டு. சில நாள்களில் கண்ட மிகக் குறைந்த எண்ணை 400 என்று அது எடுத்துக்கொள்ளும். மூடிய அறையிலேயே மானியைக் கிடத்தினால் அளவு மெல்ல மெல்லத் தவறும். முடிந்தால் அந்த ஏற்பாட்டை அணைத்துவிடுங்கள். முடியாவிட்டால் அடிக்கடி வெளிக்காற்றில் வையுங்கள்.

மண்ணின் சூட்டுக்குச் சமையலறையில் பயன்படும் ஊசித் தெர்மாமீட்டர் போதும். ஐஸ் கட்டியும் தண்ணீரும் கலந்த குவளையில் வைத்து 0 காட்டுகிறதா என்று பாருங்கள். எங்களிடம் இருக்கும் நான்கில் ஒன்று 1.5 டிகிரி தள்ளிக் காட்டுகிறது. 0.4 டிகிரி வேறுபாட்டைத் தேடப் போகிறவர்களுக்கு அது பெரிய பிழை. அதன் கழுத்தில் திருத்த எண்ணை ஒட்டி வைத்திருக்கிறோம்.

ஈரத்துக்குப் பூந்தொட்டியில் குத்தும் இரண்டு ஊசிக் கருவியை வாங்காதீர்கள். கரிமண்ணில் அது பிதற்றும். ஒரு பிடி மண்ணை எடைபோட்டு, 105 டிகிரியில் ஒரு நாள் உலர்த்தி, மறுபடி எடைபோடுங்கள். குறைந்த எடையை உலர்ந்த எடையால் வகுத்தால் ஈரம். கரிமண்ணில் இந்த எண் 200 விழுக்காட்டைத் தாண்டும். கணக்கில் பிழை என்று பதற வேண்டாம். உலர்ந்த பொருளைவிடப் பல மடங்கு தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும் மண் அது. வீட்டு அடுப்பில் உலர்த்துவதாக இருந்தால் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்த வாடை கேக்கில் ஏறும்.

3. அனுமதி வாங்கி, இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

தோட்ட நிர்வாகியிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பிறகு தோட்டத்தின் அந்தப் பகுதியைக் கண்காணிக்கும் மண்டோரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். எந்த வரிசையில் என்றைக்கு உரம் போடுவார்கள், மருந்து அடிப்பார்கள், குலை வெட்டுவார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும்.

ஓர் ஆண்டு இதைத் தவறவிட்டோம். ஒரு வாரம் எல்லா எண்ணும் குதித்தன. கூண்டுதான் காரணம் என்று பிள்ளைகள் துள்ளிக்கொண்டிருந்தார்கள். விசாரித்தால், முந்தின நாள் யூரியா தூவியிருக்கிறார்கள். யூரியா மண்ணில் சிதையும்போதே கரியமில வாயு வரும். அந்த வாரத்துப் பக்கத்தைக் குறுக்கே கோடிட்டு அடித்தோம்.

மரத்தைச் சுற்றிக் களை எடுத்த வட்டத்துக்குள் வளையம் வைக்காதீர்கள். அங்கே வேர் அடர்த்தி, உரமும் அங்கேதான் விழும். மூச்சு அதிகமாகவே இருக்கும். வெட்டிய மட்டையை அடுக்கும் வரிசையும், குலை தூக்கிப்போகும் பாதையும் வேண்டாம். எல்லா வளையங்களும் மரத்திலிருந்து ஒரே தூரத்தில் இருக்கட்டும். கூண்டுக்கு வெயில் வேண்டும் என்பதால், மறுநடவு செய்த இளங்கன்றுப் பகுதி சிறந்தது.

பாம்பு விஷயத்தில் விளையாட்டு கூடாது. பூட்ஸ் இல்லாதவரை நான் உள்ளே விடுவதில்லை.

4. வளையம் பதியுங்கள், பிறகு காத்திருங்கள்

20 செ.மீ. விட்டமுள்ள பி.வி.சி. குழாயை 10 செ.மீ. உயரத் துண்டுகளாக அறுத்துக்கொள்ளுங்கள். கீழ் விளிம்பை அரத்தால் கூராக்குங்கள். 5 செ.மீ. மண்ணுக்குள், 5 செ.மீ. வெளியே. அதற்குமேல் ஆழமாக இறக்கினால் மேல்மட்ட வேர்கள் அறுபடும். நாம் அளக்க வந்த மூச்சில் வேரின் மூச்சும் ஒரு பங்கு.

வளையத்தை முறுக்கி இறக்காதீர்கள். மேலே ஒரு பலகையை வைத்து, சீராக அழுத்துங்கள். சுத்தியலால் அடித்தால் மண் வெடித்துப் பக்கவாட்டில் வழிவிடும். வாயு அந்த வழியே போய்விடும்.

பதித்ததும் அளக்கத் துடிப்பார்கள். கூடாது. கலைந்த மண்ணில் அடைந்திருந்த வாயு வெளியேறும், அறுந்த வேர்கள் அழுகும். ஒரு வாரம் விடுங்கள். ஒரு நாளாவது விட்டே ஆக வேண்டும் என்பது குறைந்தபட்ச விதி. எங்கள் கரிமண்ணில் முதல் நாள் எண்ணும் ஏழாம் நாள் எண்ணும் ஒட்டியதே இல்லை.

குறைந்தது பத்து வளையங்கள் வேண்டும். இரண்டிரண்டாக ஐந்து இணைகள். ஓர் இணைக்குள் இரண்டும் ஒன்றிரண்டு மீட்டர் தூரத்தில் இருக்கட்டும். இணையில் ஒன்றைச் சுற்றிப் பிற்பாடு கூண்டு வரும், மற்றது அப்படியே இருக்கும். ஒரே வளையத்தைப் பத்துமுறை அளப்பதும் பத்து வளையங்களை ஒருமுறை அளப்பதும் ஒன்றல்ல. முன்னது அந்த ஒரு வட்டத்தைப் பற்றி மட்டுமே பேசும்.

ஒவ்வோர் இணைக்கும் நடுவில் ஒரு பலகைப் பாலம் போடுங்கள். கரிமண் பஞ்சுபோல இருக்கும். பக்கத்தில் காலை வைத்தால் உள்ளிருக்கும் வாயு பிதுங்கி வளையத்துக்குள் வரும். துந்திரா ஆய்வு நிலையங்களிலும் மரப்பலகைப் பாதைகள் போட்டிருக்கிறார்கள். மிதிபட்ட நிலம் அங்கே தேறி வரப் பல ஆண்டுகள் ஆகும்.

5. மூடியைச் செய்யுங்கள்

அதே குழாயில் 15 செ.மீ. துண்டு ஒன்றும், அதை மூட ஓர் அடைப்பும். உள்ளே மானி, ஊசித் தெர்மாமீட்டர், பழைய கணினியிலிருந்து கழற்றிய சிறு விசிறி. விசிறி சுவரைப் பார்த்து மெல்லச் சுழலட்டும். மண்ணைப் பார்த்து வீசினால் மண்ணுக்குள் இருக்கும் வாயுவை அது உறிஞ்சி எடுத்துவிடும்.

மேலே ஒரு சிறு துளை இட்டு, அதில் ஒரு விரல் நீளத்துக்கு மெல்லிய குழாயைச் செருகுங்கள். மூடியை வைக்கும்போது உள்ளே அடையும் அழுத்தம் அதன் வழியே போய்விடும். இல்லையென்றால் அந்த அழுத்தம் வாயுவை மண்ணுக்குள்ளேயே திருப்பித் தள்ளும், முதல் நிமிடத்தில் எண் ஏறும் கோடு கோணலாகும்.

வெளியே அலுமினியத் தாள் சுற்றுங்கள். இருட்டும் கிடைக்கும், வெயிலில் மூடி வெந்துபோகாமலும் இருக்கும். மூடியும் வளையமும் சேரும் இடத்தில் கார் டியூபிலிருந்து வெட்டிய அகலப் பட்டையை மாட்டுங்கள்.

6. மண்ணில்லாமல் ஒருமுறை அளந்து பாருங்கள்

காய்ந்த பிளாஸ்டிக் தட்டின்மேல் வளையத்தையும் மூடியையும் வைத்து, விளிம்பை மாவுப்பசையால் அடைத்து, ஐந்து நிமிடம் எண்ணைப் பாருங்கள். எண் அசையக் கூடாது. ஏறினால் மானியில் கோளாறு, அல்லது உங்கள் மூச்சு உள்ளே போகிறது. பிறகு மூடிக்குள் ஒருமுறை ஊதி, 2000க்கு ஏற்றி, மறுபடி அடையுங்கள். வேகமாக இறங்கினால் கசிவு.

இந்தச் சோதனையைத் தாண்டிப் போகத்தான் எல்லாருக்கும் ஆசை. ஒரு பிற்பகல் வீணாகிறதே என்பார்கள். இதைச் செய்யாத குழு ஒன்று ஆறு வார எண்களை வீணாக்கியது.

7. அளவெடுங்கள்

ஒவ்வொரு முறையும் இதே வரிசை:

முதலில் நேரம், மேகம், கடைசியாக மழை பெய்த நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். காய்ந்த மண்ணில் புதுமழை விழுந்ததும் நுண்ணுயிர்கள் விழித்துக்கொண்டு மூச்சு திடீரென எழும். அந்த எண்ணைச் சூட்டின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

அடுத்து, வளையத்தின் வெளி உயரத்தை நான்கு பக்கமும் அளந்து சராசரி எடுங்கள். கரிமண் அமுங்கும், வளையம் சாயும். உள்ளே அடையும் காற்றின் அளவு வாரத்துக்கு வாரம் மாறும்.

மூடியைக் காற்றில் ஆட்டி, மானி வெளிக்காற்று எண்ணுக்குத் திரும்பும்வரை பொறுங்கள். காற்று மூடியைக் கடந்து உங்கள் பக்கம் வீசும்படி, அதாவது உங்கள் மூச்சு மூடியின் பக்கம் போகாத இடத்தில், நில்லுங்கள். மெல்ல வைத்து, பட்டையை இழுத்துவிட்டு, கடிகாரத்தை ஓட்டுங்கள்.

நாங்கள் முதன்முதலாக அளந்தபோது ஒரு பெண் எண்ணைப் படிக்கக் குனிந்தாள். டியூப் பட்டை இன்னும் சரியாக உட்காரவில்லை. 430இல் இருந்த எண் 700, 1200, 1900 என்று அவள் கண் முன்னாலேயே ஓடியது. "சார், மண் பொங்குகிறது!" என்று அவள் கத்தக் கத்த எண் இன்னும் ஏறியது. நாம் விடும் மூச்சில் ஏறத்தாழ 40,000 பி.பி.எம். கரியமில வாயு இருக்கிறது. இப்போது மானியின் எண்ணைக் கைப்பேசிக்கு அனுப்பி, மூன்று மீட்டர் தள்ளி நின்று படிக்கிறோம்.

முதல் 30 விநாடியை விட்டுவிடுங்கள். பிறகு 15 விநாடிக்கு ஒருமுறை, நான்கு நிமிடம். அதற்குமேல் மூடி வைத்தால் உள்ளே வாயு நிறைந்து, மண்ணிலிருந்து வருவது தானே குறையும், நேர்கோடு வளையும். நீளமாக அளந்தால் துல்லியம் கூடும் என்ற நினைப்பு இங்கே செல்லாது.

மூடியை எடுத்த பிறகு, 5 செ.மீ., 10 செ.மீ. ஆழங்களில் மண்ணின் சூட்டை அளந்து, ஈரத்துக்கு ஒரு பிடி மண் எடுங்கள். இரண்டையும் வளையத்துக்கு வெளியே செய்யுங்கள். உள்ளே ஊசி குத்தினால் அந்தத் துளை அடுத்த வாரம் புகைபோக்கியாக நிற்கும்.

எந்த வளையத்தை முதலில், எதைப் பிறகு அளப்பது என்பதை ஒவ்வொரு நாளும் மாற்றுங்கள். கூண்டில்லாத ஐந்தையும் ஒன்பது மணிக்கும், கூண்டுள்ள ஐந்தையும் பதினொன்றுக்கும் எப்போதும் அளந்தால், நீங்கள் அளப்பது கூண்டின் சூடா, ஏறும் வெயிலின் சூடா என்று பிரிக்கவே முடியாது. சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுப்பது எங்கள் வழக்கம்.

8. கணக்குப் போடுங்கள்

ஒரு மாதிரி எண் எடுத்துக்கொள்வோம். நான்கு நிமிடத்தில், அதாவது 240 விநாடியில், 144 பி.பி.எம். ஏறியது. விநாடிக்கு 0.6.

30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றில் 40.2 மோல் (வாயுவின் அளவைச் சொல்லும் அலகு) வாயு இருக்கும். மூடியும் வளையமும் சேர்ந்த உயரம் 15 செ.மீ. கூட்டல் 5 செ.மீ., அதாவது 0.2 மீட்டர். உருளை வடிவத்தில் கன அளவைப் பரப்பால் வகுத்தால் உயரம்தான் மிஞ்சும். ஆகவே விட்டத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். 0.6 × 40.2 × 0.2 = 4.8. ஒரு சதுர மீட்டரில் விநாடிக்கு 4.8 மைக்ரோமோல். மணிக்கு ஏறத்தாழ 0.76 கிராம் கரியமில வாயு.

பலரும் 40.2 என்ற எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு எல்லா நாளும் அதையே போடுகிறார்கள். நம் ஊரில் பெரிய கேடில்லை. 10 டிகிரிக் காற்றில் அது 43 ஆகிவிடும். துந்திரா எண்ணோடு ஒப்பிட வரும்போது அந்த 7 விழுக்காடு கணக்கைக் கெடுக்கும்.

இந்த மணிநேர எண்ணை 24ஆல் பெருக்கி, பிறகு 365ஆல் பெருக்கி, "ஆண்டுக்கு இவ்வளவு" என்று எழுதாதீர்கள். துந்திராவிலும் நெடுங்காலம் அளவுகள் பெரும்பாலும் கோடையில்தான் எடுக்கப்பட்டன. பனிக்காலத்தில் போய் அளப்பது கடினம். 2019இல் வந்த ஒரு தொகுப்பாய்வு குளிர்கால அளவுகளைச் சேர்த்துப் பார்த்தது. ஆண்டு முழுவதும் மண் உறைந்தே கிடக்கும் வட உறைநிலப் பகுதிகள் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை ஏறத்தாழ 166 கோடி டன் கார்பனை வெளியே விடுகின்றன என்று கணக்கிட்டது. வளரும் பருவத்தில் செடிகள் உள்ளே இழுப்பதாக மதிப்பிடப்பட்டதோ 103 கோடி டன்தான். நமக்குக் குளிர்காலம் கிடையாது, இரவு உண்டு. மாதத்தில் ஒரு முறையாவது இரவு பத்து மணிக்கும் விடியற்காலை ஐந்து மணிக்கும் அளங்கள். பெரியவர் ஒருவர் கூட வர வேண்டும்.

9. கூண்டு வைப்பதற்கு முன் நான்கு வாரம் அளங்கள்

இந்தப் படியைத்தான் எல்லாரும் விழுங்கிவிடுகிறார்கள். சூடாக்காமலேயே, பக்கத்துப் பக்கத்து வளையங்கள் இரண்டு ஒன்றுக்கொன்று பாதிக்குப் பாதி வேறுபடலாம். ஒன்றின் அடியில் வேர், மற்றதன் அடியில் அழுகிய மரக்கட்டை. கூண்டால் வரும் மாற்றம் இந்த இயல்பான வேறுபாட்டைவிடச் சிறியதாக இருக்கலாம்.

நான்கு வாரம் கூண்டில்லாமல் அளந்தால் ஒவ்வோர் இணையின் இயல்பான வேறுபாடும் தெரியும். கூண்டு வைத்த பிறகு அந்த வேறுபாடு எவ்வளவு மாறியது என்பதே உங்கள் விடை. இந்த நான்கு வாரத்தை விட்டுவிட்டால் பிறகு எந்தக் கணக்காலும் அதை மீட்க முடியாது.

10. கூண்டை நடுங்கள்

துந்திரா ஆய்வாளர்களின் கூண்டு ஆறு பக்கம் கொண்டது, மேலே திறந்தது, சுவர்கள் உள்நோக்கிச் சாய்ந்தவை. 1990இல் தொடங்கிய பன்னாட்டுத் துந்திராச் சோதனைத் திட்டத்தில் இந்த வடிவம் பரவியது. மின்சாரம் வேண்டாம், காற்றைத் தடுத்து வெயிலைப் பிடிப்பதே வேலை.

நமக்குச் சிறியது போதும். பழைய விளம்பரப் பலகையின் ஒளி ஊடுருவும் அக்ரிலிக் தகட்டில் ஆறு துண்டுகள்: கீழே 50 செ.மீ., மேலே 27 செ.மீ., சாய்வு உயரம் 40 செ.மீ. தரையோடு 60 டிகிரி சாய்த்து, ஓரங்களில் துளையிட்டுக் கம்பியால் கட்டினால் அறுகோணம் தானே பொருந்தும். மேலே உள்ள வாய் ஏறத்தாழ 47 செ.மீ. அகலம் இருக்கும், மூடியைக் கை விட்டு வைக்கலாம்.

மேலேயும் மூடிவிட்டால் சூடு நன்றாக ஏறுமே என்று கேட்பார்கள். ஏறும். கூடவே மழை நின்றுவிடும், ஈரக்காற்று அடைந்துவிடும், பூச்சி வராது. ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வந்த இடத்தில் நான்கை மாற்றியதாகிவிடும். திறந்த கூண்டும் முழுக்கக் குற்றமற்றது அல்ல. சாய்ந்த சுவர் சாரலைத் தடுக்கும், மண் கொஞ்சம் காயும். அதனால்தான் ஈரத்தை விடாமல் அளக்கச் சொன்னேன்.

கூண்டுக்குள் காற்று எவ்வளவு சூடாகிறது என்பதை நிழல் தட்டு மாட்டிய தெர்மாமீட்டரால் பாருங்கள். முதிர்ந்த செம்பனையின் அடியில் நட்ட எங்கள் முதல் கூண்டு ஒரு மாதத்தில் ஒன்றும் சூடாக்கவில்லை. கொசு வளர்த்ததுதான் மிச்சம்.

11. வெளிச்சத்தில் ஒருமுறை, இருட்டில் ஒருமுறை

வளையத்துக்குள் புல்லோ பன்னமோ இருந்தால் இருட்டு மூடி மட்டும் போதாது. இருட்டில் நீங்கள் காண்பது வெளியே விடும் மூச்சு மட்டும். ஒளி புகும் மூடியால் அளந்தால், செடி உள்ளே இழுப்பதும் வெளியே போவதும் கழித்து மிஞ்சும் நிகரம் கிடைக்கும். முதலில் வெளிச்சத்தில் அளங்கள், மூடியைத் திறந்து காற்றாட விட்டு, பிறகு இருட்டில் அளங்கள்.

30 விழுக்காடு என்ற எண்ணைப் படித்துவிட்டு, "துந்திரா அவ்வளவு கார்பனை இழக்கிறது" என்று எழுதுபவர்கள் உண்டு. அது வெளியே விடும் பக்கத்தின் எண். சூடேறும் துந்திராவில் புதர்கள் உயர்ந்து படர்கின்றன, அவை உள்ளே இழுப்பதும் கூடுகிறது. இரண்டையும் கழித்துப் பார்த்தால்தான் வரவா செலவா என்று தெரியும். அமெரிக்க வளிமண்டல, கடல் ஆய்வு அமைப்பான நோவா, 2024இன் ஆர்க்டிக் அறிக்கையில் அந்தக் கழித்தலைத்தான் செய்தது. காட்டுத்தீயையும் கணக்கில் சேர்த்தால் துந்திரா இப்போது கார்பனைச் சேர்க்கும் இடமாக இல்லை, வெளியேற்றும் இடமாகிவிட்டது என்றது.

12. எண்ணைப் படிக்கும்போது எல்லையை மீறாதீர்கள்

வட உறைநிலங்களில் 1,40,000 கோடி முதல் 1,60,000 கோடி டன் வரை கார்பன் கிடக்கிறது. இன்று காற்றில் உள்ளதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதை அழுகவிடாமல் வைத்திருப்பது குளிர். நம் கரிமண்ணில் உள்ள கார்பனை அழுகவிடாமல் வைத்திருப்பது தண்ணீர். ஆகவே இங்கே கூண்டு வைத்து 5 விழுக்காடுதான் கூடியது என்றால், துந்திரா ஆய்வு மிகைப்படுத்துகிறது என்று பொருளில்லை. 28 டிகிரியில் ஏற்கெனவே சுறுசுறுப்பாக இருக்கும் நுண்ணுயிருக்கு இன்னும் அரை டிகிரி பெரிதல்ல.

இங்கே பெரிய மாற்றம் பார்க்க வேண்டுமானால் வாய்க்காலைப் பாருங்கள். வடிகால் வெட்டிய பக்கத்தில் செம்பனை வேர் தரைக்கு மேலே நிற்கும், மரம் சாய்ந்திருக்கும். மண் மூச்சாகப் போய்விட்டது, கூடவே அமுங்கியும் விட்டது. வாய்க்காலுக்கு அருகில் மூன்று வளையமும், தண்ணீர் மட்டம் உயர்ந்த இடத்தில் மூன்று வளையமும் வைத்து ஒப்பிட்டவர்கள் கூண்டுக் குழுவைவிடத் தெளிவான எண்ணோடு வந்தார்கள்.

தண்ணீர் நின்ற இடத்தில் மூச்சு குறைந்ததும் "தீர்வு கிடைத்துவிட்டது" என்று எழுதிவிடாதீர்கள். காற்றுப் புகாத ஈர மண்ணில் மீத்தேன் உருவாகும். நூறாண்டுக் கணக்கில் அது எடைக்கு எடை கரியமில வாயுவைப்போல 28 மடங்கு சூடேற்றும். துந்திராவிலும் உறைநிலம் உருகி எங்கே காய்கிறது, எங்கே குளமாகிறது என்பதைப் பொறுத்தே எந்த வாயு வரும் என்பது அமையும். நம்மிடமுள்ள மானி மீத்தேனைப் பார்க்காது. எம்.க்யூ.4 என்று விற்கும் மலிவான உணரியும் இதற்கு உதவாது. அது வீட்டு எரிவாயுக் கசிவைக் காட்டச் செய்தது. காற்றில் இயல்பாக உள்ள சுமார் 2 பி.பி.எம். அளவு அதன் கண்ணுக்கே படாது. அறிக்கையில் "மீத்தேன் அளக்கப்படவில்லை" என்று ஒரு வரி எழுதுங்கள்.

சூட்டுக்கும் மூச்சுக்கும் உள்ள தொடர்பைச் சொல்ல, 10 டிகிரி கூடினால் மூச்சு எத்தனை மடங்காகிறது என்று கணக்கிடும் வழக்கம் உண்டு. 26 டிகிரியில் 4.0, 29 டிகிரியில் 4.8 என்றால், 1.2ஐ மூன்றேகால் முறைக்குச் சற்று அதிகமாகத் தன்னோடு பெருக்கியதுபோல் 1.8 மடங்கு வரும். கைப்பேசிக் கணிப்பானில் 1.2இன் அடுக்கு 3.33 என்று போடுங்கள். மண்ணின் சூட்டைத்தான் போட வேண்டும். காற்றின் சூட்டைப் போட்டுவிட்டு வியப்பான எண்ணோடு ஓடி வருபவர்களைக் குறைந்தது ஆண்டுக்கு ஒருவராவது பார்க்கிறேன்.

13. கூண்டை எடுத்த பிறகும் அளங்கள்

கூண்டை எடுத்துவிட்டு, வளையங்களை அப்படியே விட்டு, இன்னும் நான்கு வாரம் அளங்கள். இணைகளின் வேறுபாடு ஒன்பதாம் படியில் கண்ட பழைய நிலைக்குத் திரும்பினால், இடையில் கண்ட மாற்றம் கூண்டால் வந்தது என்று துணிந்து எழுதலாம். திரும்பாவிட்டால் நோட்டை மறுபடி புரட்டி, உரம், மழை, மிதித்த கால் ஆகியவற்றைத் தேடுங்கள்.

கடைசியில் வளையங்களைப் பிடுங்கி, குழியை அதே மண்ணால் நிரப்பி, பலகைகளை எடுத்துவிட்டு, மண்டோரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். கூராக்கிய குழாய் ஒன்றை மறந்து விட்டுவந்து, குலை ஏற்றும் வண்டியின் டயருக்கு நாங்கள் பணம் கட்டியிருக்கிறோம்.